கடைசி நாற்காலியில் உட்காராதவர்

விளையாட்டுக்குத்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். விளையாட்டில் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைக்கிறார்கள். ஆகும். நான் தட்டு அடித்த ஒரு விளையாட்டில் ஆனது.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத புது குவார்ட்டர்ஸ். நான் மைன்ஸில் ஃபிட்டர், மதுரைப் பக்கத்து ஆள். பக்கத்து வீடு கோயம்புத்தூர். எதிர் வீடு திருநெல்வேலி. யாருக்கும் அங்கே அத்தையோ மாமனோ கிடையாது. அதனால் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் வரிசையில் இருக்கிற அத்தனை வீட்டையும் கூப்பிடுவோம். வந்து உட்கார்ந்த பிறகுதான் சங்கடம். ஒருவரை ஒருவர் தெரியாது. ஷிஃப்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம். அப்புறம் கேசரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் விளையாட்டு வைப்போம். தாம்பாளத்தில் சாவி, சீப்பு, எலுமிச்சம்பழம் என்று இருபது சாமான் வைத்து, துணியால் மூடி, என்னென்ன இருந்தது என்று கேட்போம். சீட்டு எடுக்கச் சொல்லி, அதில் எழுதியிருக்கிறபடி கழுதை மாதிரிக் கத்த வைப்போம்.

சேர் ஆட்டம் அப்புறம் வந்தது. ஆபீசர்கள் கிளப்பில் ஆண்டுவிழாவுக்கு விளக்கு போடப் போன எலெக்ட்ரீஷியன் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அங்கே கிராமபோன். எங்களிடம் ஏது? கோயம்புத்தூர்க்காரர் வீட்டு ரேடியோவை வைத்துப் பார்த்தோம். அதை நிறுத்தித் திருப்பிப் போட்டால் சூடாகிப் பாட்டு வருவதற்குள் ஆட்டக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஆகவே எவர்சில்வர் தட்டும் கரண்டியும். அடிக்கிற வேலை எனக்கு. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அடிக்க வேண்டும். நிறுத்தியதும் நாற்காலிகளைச் சுற்றி வருகிறவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காதவன் அவுட். ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மறுபடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர்க்காரரின் மகளுக்கு முதல் பிறந்தநாள். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டு ஹாலைக் காலி செய்தோம். நாலைந்து வீட்டிலிருந்து ஐந்து நாற்காலி சேர்ந்தது. ஆறு ஆண்கள் சுற்றுவது என்று முடிவு. ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது ஆளுக்காகக் கடைசி வீட்டு ஹெல்ப்பரைக் கூப்பிட்டேன்.

அவர் உள்ளூர்க்காரர். அவர் பிறந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம். பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். கான்ட்ராக்டில் மண் அள்ள வந்தவர், அந்த வருஷம்தான் பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்து வந்திருந்தார். எந்த விசேஷத்துக்கு வந்தாலும் வாசற்படி ஓரமாக நிற்பார். உட்காருங்க என்றால் "இருக்கட்டும்ண்ணே" என்பார்.

அன்றைக்கும் அதையே சொன்னார். அவர் மனைவி விடவில்லை.

"இந்த வூட்டுக்கு வந்தும் ஓரத்துலயே நின்னுக்கினு இருந்தா எப்பிடி? நாமளும் இவங்கள மாதிரிதான இருக்கோம்? போய் ஆடுய்யா."

அந்த அம்மாளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆள் கிடைத்தது, அதுதான் எனக்கு.

ஆட ஆரம்பித்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். சுறுசுறுப்பான உடம்பு. தட்டு நின்ற கணத்தில் உட்கார்ந்திருப்பார். எலெக்ட்ரீஷியன் அவுட். கோயம்புத்தூர்க்காரர் நாற்காலி என்று நினைத்துக் காற்றில் உட்கார்ந்து தரையில் விழுந்தார். "ஏனுங்க, அங்க என்னத்தத் தேடறீங்க?" என்று அவர் வீட்டு அம்மாள் கேட்க, பெண்கள் கூட்டம் உருண்டு சிரித்தது. கடைசியில் ஒரு நாற்காலி, இரண்டு பேர். ஒருவர் இந்த ஹெல்ப்பர். மற்றவர் பம்ப் செக்‌ஷனில் இருந்தவர். அவரும் உள்ளூர்தான். வயதில் ஏழெட்டு வருஷம் சின்னவர். நிலம் வைத்திருந்த குடும்பம். இரண்டு பேரும் ஒரே ஊர் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் யார் யாருடைய நிலத்தில் குனிந்து நின்றார்கள் என்று நான் கேட்டதில்லை. குவார்ட்டர்ஸ் நம்பர்படி கொடுத்தார்கள். அதனால் ஒரே வரிசையில் இருந்தார்கள்.

அடித்தேன். நிறுத்தினேன். நாற்காலி கிரீச்சிடும் சத்தத்தை எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. திரும்பினேன்.

இரண்டு பேரும் நிற்கிறார்கள். நாற்காலி காலி. அதற்கு நேர் முன்னால் நின்றவர் ஹெல்ப்பர்தான். அப்படியே சரிந்தாலே உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் கை இடது தோளுக்குப் போனது. துண்டை எடுக்கப் போகிறவர் மாதிரி. தோளில் துண்டு இல்லை, வெறும் சட்டைதான். கை சும்மா கீழே இறங்கியது. நாற்காலியை விட்டு ஒதுங்கிச் சொன்னார்:

"ஒக்காருங்க ஆண்டே."

திருநெல்வேலிக்காரரின் மனைவி, "ஆண்டையா? அது யாரு, ஒங்க மச்சானா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். குழந்தைகள் சிரித்தன.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுதத்தான் வேண்டும். ஆட்டத்தைக் கெடுக்கிறானே என்று கோபம் வந்தது. "ஏன்யா, உக்காரத் தெரியாதா உனக்கு? நாற்காலிய முன்னப்பின்ன பார்த்ததில்லையா?" என்று கத்தினேன்.

நிலக்காரரைக் கூலியாள் கூப்பிடுகிற அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எங்கள் ஊரில் அதற்கு வேறு சொல் இருந்தது, அவ்வளவுதான். தோளுக்குப் போன கையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பம்ப் செக்‌ஷன்காரர் முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. தன்னை அப்படிக் கூப்பிட்டதில் அவருக்குத்தான் அதிகக் கூச்சம். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வாயில் வந்தது இது:

"இங்க வந்து என்னாடா ஆண்ட கீண்டன்னுகினு? ஒக்காருடா."

மைன்ஸில் அதே ஆளை அவர் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். நானே கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நாற்காலிக்கு முன்னால் இரண்டு பேர் வாயிலிருந்தும் பழைய ஊர் வெளியே வந்துவிட்டது. ஹெல்ப்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் கையில் தட்டு.

அவர் மனைவி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். வேகமாகக்கூட வரவில்லை. புருஷனைத் தாண்டி, பம்ப் செக்‌ஷன்காரரைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"தட்டு நின்னுடிச்சில்லண்ணே?"

"நின்னுருச்சும்மா."

"அப்ப நிக்கறவங்க ரெண்டு பேரும் அவுட்டு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. சோப்புப் பெட்டிதான் பரிசு. அவளுக்கே கொடுத்தோம். பம்ப் செக்‌ஷன்காரரும் சிரித்தார். ஆனால் கேசரி வருவதற்கு முன்னால் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஹெல்ப்பர் சிரிக்கவில்லை. தலைகுனிந்தே சாப்பிட்டார்.

மறுநாள் ஷிஃப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நேற்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

"தெரியாமத்தான் கேக்கறேண்ணே. ரெண்டு பேரு நிக்கறப்ப ஒரு நாக்காலிய மட்டும் போடற ஆட்டத்த எவன் கண்டுபுடிச்சான்? இன்னொண்ணு போட்டா என்னா கொறஞ்சிடும்?"

நான் சாப்பாட்டுத் தூக்கை மடியில் மாற்றி வைத்துக்கொண்டேன்.

"எம் பொஞ்சாதி எங்கிட்ட பேசல" என்றார். "பெர்மனென்ட்டு ஆன அன்னைக்கி அழுதா. நேத்திக்கும் அழுதா."

நாலு மாதம் கழித்து அவர் பெண்ணுக்குப் பிறந்தநாள். வீடு வீடாக அவரே வந்து கூப்பிட்டார். என்னிடம் மட்டும், "தட்ட வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நீங்க ஆட வரணும்ண்ணே" என்றார். சரி என்றேன். பம்ப் செக்‌ஷன்காரர் வரவில்லை. ஷிஃப்ட் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவருக்கு ஷிஃப்ட் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

எலெக்ட்ரீஷியன் தட்டு அடித்தான். கடைசியில் அவரும் நானும் மிஞ்சினோம். விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அது இன்னொரு அவமானம் என்று தோன்றியது. தட்டு நின்றது. நான் முழு பலத்தோடு பாய்ந்தேன். இடுப்பால் இடித்தேன். அவர் அதைவிட பலமாக இடித்தார். நான் போய்ச் சுவரில் மோதித் தரையில் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அவர் உட்கார்ந்திருக்கிறார். காலை அகட்டி, கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு. என்னைத் தூக்கிவிட எழுந்திருக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

"அவுரு வந்திருந்தா?" என்று கேட்டாள் அவர் மனைவி, கேசரித் தட்டோடு நின்றபடி.

"வந்திருந்தாலும் ஒக்காந்திருப்பேன்."

"பாக்கலாம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முதல் தட்டை நாற்காலியில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தரையில் இருந்த என்னிடம் நீட்டினாள்.