அறுபது பேருக்கு எதிரே ரெண்டு ஹீரோ

எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. ஞாயிறுதோறும் இரும்புலியூரில் என் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். என் அறுபது சிப்பாய்கள் வரிசையாக நிற்க, எதிரே இன்னொரு அறுபது பேர் வரிசையாக வந்து மோத வேண்டும். அதற்காக மறைமலை நகர் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரெண்டு வருஷம் பெயிண்ட் அடித்தேன். ஒவ்வொருத்தனுக்கும் பெல்ட் பக்கிள் வரைக்கும் அடித்தேன்.

ஆனால் மேஜைக்கு வந்தது என்ன? ஹீரோ! ஆரம்பத்தில் தளபதி என்பவன் கொடியோடு பின்னால் நின்று தைரியம் சொல்கிறவன், அவ்வளவுதான். ரூல் புத்தகம் புதுசு புதுசாக வர வர, அவனுக்கு மந்திர வாள், இறக்கை, ஏறி வர டிராகன். ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு; ரெண்டு தரப்புக்கும் மொத்தப் புள்ளி சமமாக இருக்க வேண்டும். ஒரு ஹீரோவுக்கு முப்பது சிப்பாயின் புள்ளி. அதனால் ஆளுக்கு ரெண்டு ஹீரோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்குவார்கள். என் முன்வரிசை அரை மணியில் காலி. அட போங்கய்யா, இதுக்குப் பேர் போரா?

"ஹீரோ பொம்மையை விக்கறதுக்குத்தான் கம்பெனிக்காரனுங்க புத்தகத்துல இப்படி எழுதறானுங்க" என்று ஒரு ஞாயிறு கத்தியே விட்டேன். கீழ்க்கட்டளையிலிருந்து வரும் நண்பன், முதல் நாளிலிருந்து என்னோடு ஆடுகிறவன், என்னைப் போலவே அறுபது சிப்பாய் வாங்கியவன், டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"புத்தகத்தை ஏன் மச்சான் திட்டற? பெயிண்ட் அடிக்காத பொம்மை மேஜை ஏறக்கூடாதுன்னு இங்க ரூல் போட்டது யாரு? நான் பேங்க்லேர்ந்து வீட்டுக்கு வரவே எட்டாகுது. அறுபது பேருக்கு எவன் அடிப்பான்? ரெண்டு ஹீரோன்னா ஒரே வாரத்துல முடிஞ்சுது."

எனக்குச் சுருக்கென்றது. வெறும் சாம்பல் கலர் பிளாஸ்டிக் எதிரே நின்றால் என் உழைப்புக்கு அவமரியாதை என்று நினைத்து, அந்த ரூலை நான்தான் போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, "சரி, அந்த ரூலைத் தூக்கியாச்சு. அடுத்த ஞாயிறு உன் அறுபது பேரையும் அப்படியே கொண்டு வா, மோதிப் பார்த்துடலாம்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன வருஷமே அக்கா பசங்களுக்குக் கொடுத்துட்டேன்டா. எத்தனை நாள் பெட்டியிலயே வெச்சிருப்பேன்? நீதான் அவனுங்களை மேஜைல ஏத்தவே மாட்டேன்னுட்டியே."

இனி யாரைப் போய்த் திட்ட? பகடையை அவன் பக்கம் தள்ளி, "உன் ஹீரோவையே இறக்கு" என்றேன்.