தங்கையா செத்த வாரம்

நாவல் படிப்பது சம்பளம் இல்லாத உத்தியோகம் என்றாலும், மற்ற உத்தியோகங்களில் உள்ள மேலதிகாரி, விசாரணை, தண்டனை எல்லாம் இதிலும் உண்டு. நான் புதுவயலிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காரைக்குடி போய் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறவள். அது வீட்டாருக்காக. நாவல் எனக்காக. என்னைப் போலவே புத்தகமும் கையுமாக அகப்பட்டுக்கொண்டு முழிக்கும் சக வாசகர்களே, உங்களிடம் சொல்லி அழாமல் வேறு யாரிடம் சொல்வது?

மீன் குழம்பு

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கதையில் யாரையும் சாப்பிட வைக்காதீர்கள். ஒரு நாவலில் கடலோரக் குடும்பம் ஒன்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் நெத்திலிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டது. எனக்கு வாயில் எச்சில் ஊறி, கிழமை பார்க்காமல் அம்மாவிடம் போய், "நெத்திலி வாங்குவோமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா அப்போதுதான் குளித்து, விளக்கேற்றிவிட்டு வந்திருந்தாள். "வெள்ளிக்கிழமை அதுவுமா மீன் கேக்குறியேடி! அந்தப் புஸ்தகத்துல ரசம் வைக்கிற வீடு ஒண்ணுகூடவா இல்ல?"

பஸ்ஸில் ஒரு சாவு

பிறகு தங்கையா வந்தார். லைப்ரரியில் எடுத்த ஒரு தடித்த நாவலில் வரும் கிராமத்துக் கம்பவுண்டர். பத்து நாளாக அவரோடுதான் காலேஜ் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம், பஸ் பாதி வழியில் வரும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செத்துப்போனார். பஸ்ஸில் அழுவதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணை அடக்கினாலும் மூக்கு அடங்காது.

பக்கத்தில் எங்கள் தெரு சரசு அக்கா. காரைக்குடி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புத்தகத்துக்காக ஒருத்தி அழுவாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னாள்: "அழுகாத தாயி. அவன் கெடக்கான் விடு. ஒனக்கு ராசா மாதிரி மாப்பிள்ளை வருவான்."

விசாரணை

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "யாரு அவன்?" என்றாள் அம்மா. வாய் தவறி, "தங்கையா" என்று சொல்லிவிட்டேன். "எந்த ஊரு? என்ன வேலை? நம்ம ஆளுகளா?" "கம்பவுண்டரும்மா. அறுபது வயசு. செத்துட்டாரு." அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கதையில் வருகிறவர் என்று அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன். பெரியம்மா மகளை இப்படி ஒரு சந்தேகத்தில்தான் இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தி, கல்யாணம் செய்து அனுப்பினார்கள். நானும் இரண்டாம் வருஷம். அம்மா நாவலைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "கதையில செத்தவனுக்கு எவளாச்சும் நெசமா அழுவாளா? திங்கக்கிழமையிலிருந்து காலேஜும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்."

அப்பாவின் பரிசோதனை

அப்பாவுக்கு அரிசி மில்லில் சூப்பர்வைசர் வேலை. மூட்டையில் குத்தூசியை ஒரு குத்துக் குத்தி, உள்ளங்கையில் விழும் நாலு அரிசியைப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். முழு மூட்டையையும் கொட்டிப் பார்த்தால் பிழைப்பு நடக்குமா? நாவலையும் அதே முறையில்தான் சோதித்தார். பீரோவிலிருந்து எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

தங்கையாவின் மகள் செல்லம் ஊரைவிட்டு ஓடிப்போனவள். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரிந்துகொள்ளத்தான் நான் பத்து நாளாகச் சோறு தண்ணி மறந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளதான் திரும்பி வந்துருச்சே, கல்யாணமும் ஆயிருச்சே. இதுக்குப் போயி எதுக்கு அழுகுற?"

கொத்தமங்கலத்திலிருந்து வந்தவர்கள்

அப்பாவின் அக்கா கொத்தமங்கலத்தில் இருக்கிறாள். பஸ் செய்தி அவள் காதுக்கும் போய்விட்டது. "புள்ள எதுக்கு அழுதுச்சாம்?" என்று போனில் கேட்டாள். காதல் கீதல் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் அம்மா, "நமக்கு வேண்டியவரு ஒருத்தரு, தங்கையான்னு பேரு, தவறிட்டாரு மதினி" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் சொன்னபோது நம்பாதவள், தனக்கு ஆபத்து என்றதும் அதே தங்கையாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்போம். கல்யாணத்துக்கு வராவிட்டால்கூட மன்னிப்பு உண்டு, துட்டிக்கு வராவிட்டால் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையும் மாமாவும் வந்து இறங்கினார்கள். அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, "எப்படிச் செத்தாரு?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கையா மட்டும் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தார். மிச்சமிருந்த மாத்திரையை, தன் மேல் நிலத்துக்காகக் கேஸ் போட்டிருந்த பங்காளியின் மகனுக்குக் கொடுத்துவிட்டு, காய்ச்சலோடு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பங்காளி தூக்க வந்தானா?" என்று அத்தை விசும்பினாள். "மொதல்ல தோள் குடுத்ததே அவருதான் அத்தை." மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. "அத்தை, அவரு கதையில வர்றவரு. நெசத்துல அப்படி ஆளு இல்ல."

துட்டி வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினாள். கோபம், இனி உறவு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பீரோவைத் திறந்து, மறுபடியும் உள்ளே பூட்டி வைத்திருந்த நாவலை எடுத்து என் மடியில் வைத்து, "நாளைக்கு ஒனக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள். வாசலில் அத்தை தன் மருமகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது: "வெந்நி போட்டு வையி. துட்டிக்கு வந்துட்டுப் போறோம், தலைக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்."

ஆகவே சக வாசகர்களே, தனியாக அழுதால் காதல், குடும்பத்தோடு அழுதால் இலக்கியம்.