அப்பா வீடு மாற்றிய கதை

அம்மா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் ஆண்கள்தான் வெளிநாடு போவார்கள், பெண்கள் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்ததால் திருவிடைமருதூரில் சிலர் அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். அவர் உரக்கடையில் வேலை பார்த்தார். காலையில் சோறு வடித்து, எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி, பின்னத் தெரியாததால் தலையில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்பிவிடுவார்.

அந்தத் தலையைப் பார்க்கச் சகிக்காமல்தான் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பின்னிவிட ஆரம்பித்தார். உறவில் அத்தை இல்லை, அடுத்த போர்ஷனில் குடியிருந்தவர். அவர் கணவர் சிங்கப்பூர் போனவர், சில வருஷங்களாகப் பேச்சே இல்லை. பிள்ளையும் இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் அந்த வீட்டிலிருந்து கேட்கும். மிச்சத் துணியில் எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார். பிறகு மீன் குழம்பு வந்தது. பிறகு குழம்பு கொண்டுவந்தவர் சற்று நேரம் நின்று பேசிவிட்டுப் போனார்.

அப்பா தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். அம்மா போனபின் நின்றுபோயிருந்த அவர் சிரிப்பும் திரும்பியது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி ஜெபத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்ற வரிக்கு வந்ததும் அப்பா நின்றுவிடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் சத்தமாக எடுத்துக் கொடுப்பேன். சர்ச் ஞாயிறு வகுப்பில் பரிசு வாங்கியவள் அல்லவா.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம், கரண்ட் போயிருந்தது. அத்தை குழம்புச் சட்டியோடு வந்தார். அப்பா அதை வாங்கக் கை நீட்டினார். சட்டி கை மாறியது, ஆனால் அத்தையின் கை அப்பாவின் மணிக்கட்டிலேயே இருந்தது. நான் வாசற்படியில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் யாரும் இல்லீங்க" என்றார் அத்தை, மெதுவாக.

அப்பா கையை உடனே எடுக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு சட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. பாப்பா, எழுந்திரு, சர்ச்சுக்குப் போவோம்."

குடை எடுக்கவில்லை. செருப்பும் போடவில்லை. சர்ச் பூட்டியிருந்தது. அதன் தாழ்வாரத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் உடம்பு நடுங்கியது. குளிருகிறதா என்று கேட்டேன். "என் கையைப் பிடிச்சுக்க, விட்டுடாத" என்றார். நான் பயப்படுகிறேன் என்று நினைத்துத்தான் சொல்கிறார் என்று எண்ணி, எனக்குப் பயமில்லை என்றேன்.

அந்த வாரமே ஊருக்கு வெளியே, வயலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு மாறினோம். சுற்றிலும் தண்ணீர், தவளைச் சத்தம், பேச ஆளில்லை. சாமான் ஏற்றும்போது அத்தை வெளியே வரவில்லை. மெஷினும் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மா அடுத்த கோடையில்தான் திரும்பி வந்தாள். பிறகு போகவில்லை.

அதுவரை அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தையிடமிருந்து என்னைப் பிரித்துவிட்டாரே என்ற கோபத்தில் நான் அப்பாவோடு ஜெபத்துக்கு உட்காராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர் தனியாக முழங்கால் போட்டு ஜெபிப்பார். அம்மாவுக்காக, எனக்காக. கடைசியில் குரல் தாழ்ந்துவிடும்.

"ஆண்டவரே, அந்தப் பொண்ணைத் தனியா விட்டுராதேயும். அவ புருஷன் மனசை மாத்தும்."

ஒரு நாள் தவறாமல் கேட்டார். ஒருவருக்காக இவ்வளவு வேண்டிக்கொள்கிறவர், அத்தை வீட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். இருட்டில் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசிப்பேன். அப்படியே தூங்கிப்போவேன்.