தட்டாத குழாய்

ஃபால் ரிவர் ஊரில் அல்சீனுவுக்குத் தெரியாத பாய்லரே இல்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் அல்சீனுதான். பஞ்சாலையின் நீராவிப் பாய்லரோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர். ஆலையை இழுத்து மூடிய பிறகும் அந்த மிதப்பு மட்டும் இறங்கவில்லை. குளிருக்கு வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருந்த கிழட்டுப் பாய்லர் விரிசல் விட்டுத் தரையெல்லாம் தண்ணீரானபோது, ஆளைக் கூப்பிடலாம் என்று மகன் டினிஸ் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

புதுப் பாய்லருக்குத் தாமே குழாய் மாட்டினார். அதன் தலையிலிருந்து ஒல்லியாக ஒரே ஒரு செம்புக் குழாயை ஏற்றி, நேரே வீட்டுக் குழாயில் சேர்த்துவிட்டார். நீராவியோடு தண்ணீரும் ஏறிப் போய் குழாயின் ஒவ்வொரு வளைவிலும் மோதியது. டொக், டொக் என்று சுவரெல்லாம் சத்தம். ஆலையில் எந்தக் கோளாறுக்கும் அழுத்தத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். இங்கேயும் கூட்டினார். சத்தமும் கூடியது.

மனைவி இடலீனாவுக்கு நினைவு கலைந்து போயிருந்தது. சத்தம் கேட்டதும் எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

"எர்மீனியு வந்துட்டான். கதவத் தொற, குளிருல நிக்கிறான் பாரு."

எர்மீனியு அவள் தம்பி. மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. அவளோ தினமும் அவனுக்கொரு தட்டு வைத்துக் கீரை சூப் ஊற்றி, 'சாப்பிடுடா' என்று சொல்லிக்கொண்டே தானும் சாப்பிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அப்போதுதான். ஆனால் ஒருநாள் கதவைத் திறந்து, வெறுங்காலோடு பனியில் இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னொரு தடவ அம்மா வெளிய போனா காப்பகத்துலதான்ப்பா விடணும். உங்களால பாத்துக்க முடியல" என்றான் டினிஸ்.

அவளில்லாத வீட்டை அல்சீனுவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழாய் வேலை செய்யும் கானலியைக் கூப்பிட்டார்.

கானலி விளக்கடித்துப் பார்த்தான். "பெரியவரே, இத யாரு மாட்டுனது?"

"எவனோ ஒரு மடையன்."

"மில்லுல இருந்த மடையனா?"

அல்சீனு விளக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"மில்லு வேற, வீடு வேற. இதுக்கு மூச்சு விடுற அளவு அழுத்தம் போதும். நீங்க கழுத்தப் பிடிச்சு நெரிச்சிருக்கீங்க."

செம்பையெல்லாம் அறுத்துப் போட்டான். பாய்லரிலிருந்து தடித்த இரும்புக் குழாய் இரண்டை ஏற்றி, மேலே குறுக்காக இன்னும் தடித்த ஒன்றைப் படுக்க வைத்தான். அதிலிருந்து நீராவி மட்டும் வீட்டுக்குப் போகும். கூட வந்த தண்ணீர் கோடியில் ஒரு குழாய் வழியாக இறங்கி மறுபடி பாய்லரின் அடிக்கே வந்துவிடும். புதுக் குழாய்களிலிருந்து வந்து பாய்லர் தண்ணீரில் மிதந்த எண்ணெயைப் பொறுமையாக வழித்தெடுத்து, அழுத்தத்தைக் குறைத்தான். வீடு சூடானது. ஒரு சத்தமில்லை. அல்சீனுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டினிஸ் இனிப்பு ரொட்டியோடு வந்தான். அம்மா நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு அமைதியா இருக்காங்க. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல."

அமைதிதான். தம்பிக்குத் தட்டு வைக்கவில்லை, தானும் சாப்பிடவில்லை. டினிஸ் போன பிறகு அல்சீனு சூப்பை ஊதி ஊதிக் கரண்டியை நீட்டினார்.

"எர்மீனியு ஏன் வரல?" என்றாள்.

"வருவான். நீ சாப்பிடு."

"பொய் சொல்லாத. தெனம் வந்து தட்டுனான். நீ ஆள வெச்சு அவன வெரட்டிட்ட."

அல்சீனு இல்லையென்று சொல்லப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆமா" என்றார்.

அவள் உதட்டை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அவர் கெஞ்சினார், அழுதும் பார்த்தார். எலும்பும் தோலுமானவளை டினிஸ் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறாளாம்.