யாரோ வீட்டு ஆட்டின் புழுக்கை

கால்நடை மருந்துகளோடு வரும் துண்டுக் காகிதங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. மடித்து மடித்து அட்டைப்பெட்டிக்குள் திணித்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத காகிதம், அதுதான். ஆட்டின் குடற்புழுவைப் பற்றி மட்டும் எத்தனையோ காகிதங்கள் எழுதியிருக்கிறேன். ஆட்டைத் தொட்டதுதான் குறைவு. மலைமேல் இந்தச் செண்பகனூருக்குக் குடிவந்து, கீழ்வீட்டு அக்காவின் ஆடுகள் என் வேலியைத் தின்னத் தொடங்கிய பிறகே அந்த இனத்தோடு எனக்கு நேர்ப்பழக்கம் ஏற்பட்டது.

அக்காவுக்கு ஆறு வெள்ளாடுகள். காலையில் ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, மதியத்துக்கு மேல் பள்ளத்துப் புல்வெளியில் மேய்ப்பார். அந்த வருஷம் கார்த்திகை முடிந்தும் மழை விடவில்லை. ஈரம் காயாத புல்லில் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் நுனிவரை ஏறி உட்கார்ந்திருக்கும். ஆடு புல்லோடு சேர்த்து அவற்றையும் மேயும். இதை நான் மூன்று கம்பெனிகளுக்கு மூன்று விதமான தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மழை ஓய்ந்த வாரம், அக்காவின் மூத்த ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே வீங்கிப் பை மாதிரி தொங்கியது. இரண்டு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்த ஆடு.

அக்கா குடற்பூச்சி மருந்துப் புட்டியும் கையுமாக நின்றார். ஆட்டின் வாயைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நான் வேலியோரம் போனேன்.

"கண்ணை மூடிக்கிட்டு ஊத்தாதீங்கக்கா. ஒரே மருந்தை ஊத்தி ஊத்திப் புழுவுக்கெல்லாம் அது பழகிப்போகும். முதல்ல புழுக்கையைச் சோதிச்சுப் பார்க்கணும். எவ்வளவு புழு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் ஊத்தணும்."

"ரெண்டு நாளா வீங்கிக் கெடக்கு தம்பி. வெரசா எதாச்சும் பண்ணணும்ல?"

"நாளைக்கே நானே கொண்டுபோறேன்."

அக்கா புட்டியை மூடினார். படித்தவன் சொல்கிறான் என்பதற்காகவே மூடினார். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. பிழையில்லாமல் சொல்வதில் எனக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்கா வாசலில் நின்றார். கையில் முடிச்சிட்ட பிளாஸ்டிக் பை. "வெள்ளனே எந்திரிச்சு அது பின்னாலேயே நின்னு கையில ஏந்துனேன் தம்பி. தரையில விழவிடல." பை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அது உள்ளே இருப்பது தெரிகிற பை. அப்போது விடுமுறைக் காலம், டவுன் பஸ் முழுக்க வெளியூர்க்காரர்கள். வீட்டில் ஹோம்மேட் சாக்லேட் வாங்கிய காலி டப்பா ஒன்று இருந்தது, தங்க நிறத்தில். பையை அதற்குள் வைத்து மூடினேன். ரொம்பச் சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

பஸ்ஸில் என் தோளில் ஒரு அடி விழுந்தது. "ஏலே, நீயா?" கல்லூரியில் கூடப் படித்தவன், தெக்கத்திக்காரன். பார்த்து இருபது வருஷமிருக்கும். மலையில் வண்டிகள் நகராததால் காரை ஓட்டலில் விட்டுவிட்டு, குடும்பத்தோடு பஸ் ஏறியிருக்கிறான்.

"எழுத்தாளர் ஆகப்போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான்ல, அவன்தான் இவன்" என்று மனைவிக்கு அறிமுகம் செய்தான். "இப்ப என்னலே எழுதுறே?"

"கொஞ்சம் மொழிபெயர்ப்பு" என்றேன்.

அந்த அம்மா என் மடியைப் பார்த்தார். "சாக்லேட்டா? இந்த ஊர்ல எந்தக் கடையில நல்லா இருக்கும்னு கேக்கணும்னே இருந்தேன்." கை பாதி நீண்டுவிட்டது.

"இது சுகர் பேஷண்டுக்கு உள்ளதுங்க" என்றேன். அவசரத்தில் வந்த பொய்தான், ஆனாலும் கை பின்வாங்கியது. நண்பன் விடவில்லை. "சும்மா பிரிலே, ஒண்ணு தின்னா செத்தா போயிருவோம்?"

ஆட்டுப் புழுக்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ்ஸே சிரித்திருக்கும், நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம். சொல்ல வரவில்லை. இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவனிடம், மடியில் புழுக்கையை வைத்துக்கொண்டிருக்கும் ஆளாக இருக்க எனக்கு மனமில்லை. டப்பாவை மெல்ல இருக்கைக்கு அடியில் தள்ளினேன். எதிலோ பேச்சை மாற்றினேன். இறங்கும் இடம் வந்ததும் வெறுங்கையோடு இறங்கினேன். அவன் ஜன்னல் வழியே கையசைத்துக்கொண்டே போனான்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கால்நடை மருந்தகத்துக்குப் போகும் சாலையில் நாலைந்து ஆடுகள் சுவரொட்டி தின்றுகொண்டிருந்தன. யார் வீட்டு ஆடுகளோ. அதில் ஒன்று எனக்கென்றே போட்டதுபோல் போட்டது. கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டேன். மாட்டை ஊசி போடக் கூட்டிவந்திருந்த ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முன்னால் எனக்கு வெட்கமே வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மருத்துவர் இளவயதுப் பெண். புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கி, மிதந்து வந்ததை எடுத்துக் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"புழு முட்டை ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. தாடை வீக்கம்னு சொன்னீங்களே, இமைக்கு உள்பக்கம் எப்படி இருக்கு சார்?"

"வெளுப்பாத்தான்."

"அப்ப பொருந்தலையே. ரத்தம் குடிக்கிற புழு இருந்தா முட்டை இவ்வளவு கம்மியா வராது. ஆட்டையே பாக்கணும். கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

பொருந்தாது. புல்லை மேயாமல் சுவரைத் தின்னும் டவுன் ஆட்டுக்குள் புழு எப்படிப் போகும்? அதைக்கூட நான் எங்கோ எழுதியிருக்கிறேன்.

அக்காவிடம், முட்டை அதிகமில்லையாம் என்றேன். ஆட்டைக் கூட்டி வரச் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும் என்று பயம்.

"அப்ப மருந்து வேணாமா தம்பி?"

"இப்போதைக்கு வேணாம்னுதான் படுது."

அக்கா தலையாட்டினார். மறுநாள் எப்படியாவது புதிதாகப் பொறுக்கிக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஆடு எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் மருத்துவரை ஆட்டோவில் கூட்டிவந்தேன். அவர் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பு என்று ஒரு கீற்றுகூட இல்லை. வெளுத்த துணிபோல இருந்தது. ஊசி போட்டார், வாயில் மருந்தும் விட்டார். எழுந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கொண்டுவந்தது இந்த ஆட்டோடது இல்ல சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "என் கையாலதான் ஏந்துனேன்மா. இருட்டுல பக்கத்து ஆட்டோடதை ஏந்திட்டேன்போல. என் தப்புதான். தம்பி பாவம், அலைஞ்சதுதான் மிச்சம்."

நான் திறந்த வாயை மூடினேன். அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டப்பாவைத் தள்ளியது கோழைத்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, சொல் தேடுவதே தொழிலாக இருந்தும்.

மாலைக்குள் ஆடு செத்துப்போனது. மற்ற ஐந்தையும் மருத்துவர் இமை பார்த்து, வெளுத்திருந்த மூன்றுக்கு மட்டும், அக்காவின் புட்டியில் இருந்ததை விட்டு, வேறு மருந்து ஊற்றினார். அவை பிழைத்துக்கொண்டன.

இரண்டு நாள் பொறுத்து, அக்கா குட்டிகளுக்குப் புட்டியில் பால் காட்டிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், நண்பன், சுவரொட்டி ஆடு, எதையும் விடவில்லை. வேடிக்கையாகச் சொல்லிப் பழகிய வாய், நடுவில் ஓரிடத்தில் வேடிக்கையாகவும் சொல்லப் பார்த்தது. அக்கா சிரிக்கவில்லை. புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"அன்னைக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா மறுநாள் இன்னொரு தரம் ஏந்திக் குடுத்திருப்பேனே தம்பி. அதுக்கென்ன, ஆடு தெனமும்தான் போடுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்கிறவர்போலச் சொன்னார்.

அடுத்த மழை முடிந்ததும் சோதனைக்கு நாள் வந்தது. விடியற்காலையில் அக்கா பையும் கையுமாக, பஸ்ஸுக்குப் போகும் மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"குடுங்கக்கா, நான் கொண்டுபோறேன்."

"வேணாம் தம்பி. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்."

எனக்கு அன்று ஒரு சோலியும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.