கண் திறவாத குட்டிகள்

புத்தூரில் சட்டை தைத்துப் பிழைக்கும் சிவகௌரி, படுக்கையில் விழுந்த தகப்பனைப் பல வருடங்கள் தனியாகப் பார்த்தவள். துடைத்து, புரட்டி, கரண்டியால் ஊட்டியே அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன வைகாசியில் அவர் கண்மூடியபோது அழுகை வரவில்லை, நித்திரைதான் வந்தது. இனி எந்த உயிரையும் பார்க்க ஏலாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்தாள்.

ஆவணியில் ஒரு தெருநாய் அவளுடைய விறகுக் கொட்டிலில் மூன்று குட்டி போட்டது. அந்தக் கிழமையே தாயை டிப்பர் லொறி அடித்துக் கொன்றுவிட்டது.

பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உதுகளைச் சந்தையடியிலை கொண்டுபோய் விடு."

"கண்கூடத் திறக்கேல்லை அண்ணை. எப்பிடி விடுறது?"

குட்டிகளின் உடம்பில் சூடு நிற்கவில்லை. போத்திலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி அணைவாக வைத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சால் ஆட்டுப்பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினால்தான் சலம் போகும். தாய் நக்கிவிடுகிற வேலை அது. இரவும் பகலும் இதுதான். தையல் மெஷினில் தலை கவிழ்ந்து தூங்கினாள்.

அப்படியும் ஒன்று செத்துவிட்டது. முற்றத்துச் செவ்வரத்தைச் செடியடியில் புதைக்கக் கிண்டியபோது மண்ணுக்குள் சின்னச்சின்ன வெள்ளை முட்டைகள் தெரிந்தன.

"ஓணான் முட்டை," என்றார் பஞ்சலிங்கம். "இட்டு மூடிப்போட்டுப் போனால் தாய் திரும்பியும் பாராது."

சிவகௌரி மண்ணை மூடிவிட்டு வேறிடத்தில் குழி வெட்டினாள்.

சில நாட்கள் கழித்து, காலையில் உடுப்புக் காயப்போட வந்தவள் நின்றுவிட்டாள். செவ்வரத்தையடி மண் அசைந்தது. விரல் நீளத்தில் ஒரு ஓணான் குஞ்சு, தலையில் மண்ணோடு வெளியே வந்தது. கண் திறந்தே இருந்தது. சுற்றிப் பார்த்தது. கிட்டப்போன எறும்பொன்றைக் கவ்வி விழுங்கியது. பிறகு தண்டில் ஏறி இலைகளுக்குள் போய்விட்டது. பின்னால் இன்னொன்று வந்தது. அதுவும் யாரையும் தேடவில்லை.

சிவகௌரிக்குப் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஈர உடுப்போடு நிலத்தில் குந்திவிட்டாள். கொட்டிலில் குட்டிகள் கத்தத் தொடங்கின.

"என்ன பிள்ளை, ஏலாமல் கிடக்கோ?" வேலியடியில் பஞ்சலிங்கம்.

இத்தனை வருடமும் யார் கேட்டாலும் 'ஒண்டுமில்லை' என்று சொல்லியே பழகியவள்.

"ஓம் அண்ணை, ஏலாமல்தான் கிடக்கு. இண்டைக்கு உதுகளை நீங்கள் பாருங்கோ. நான் படுக்க வேணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு உது ஒண்டும் தெரியாதே."

"பாலும் துணியும்தான். காட்டித்தாறன்."

குட்டிகளை ஓலைக் கடகத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவள், விளக்கு வைக்கிற நேரம்தான் எழுந்தாள். பதறிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பஞ்சலிங்கம் உடுத்திருந்த சாரம் முழுக்கப் பால். மடியில் இரண்டு குட்டிகளும் சூடாக, வயிறு புடைத்துக் கிடந்தன.

"மனிசனை அசைய விடுதுகளில்லை," என்றார். "எழும்பினால் கத்துதுகள். நீ போய்ப் படு, நாளைக்கு வா."

அவள் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பவும் படுத்தாள்.