கை கொடுக்கப் போய் இழந்த பிணை

அன்று மரியானின் முற்றத்தில் நின்றவர்கள்: நான், என் மகன் அன்ரன், நிறைவயிற்றோடு மருமகள் ஜெசிந்தா, எங்கள் கோயில் மூப்பர் சூசை, பிறகு மரியான். வேறு ஒருவரும் இல்லை.

வலை அறுந்த சண்டையில் அன்ரன் துடுப்பால் அடித்து மரியானின் கை முறிந்திருந்தது. அடித்தது பிழைதான். இரண்டு கிழமை மறியல் வீட்டில் கிடந்து பிணையில் வந்தான். மரியானின் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, அவனோடு பேசக்கூடாது என்பது நிபந்தனை.

ஆனால் கோயில் கொடியேற்றம் வந்துவிட்டது... எங்கள் ஊரில் கோபமாக இருப்பவர்கள் அதற்கு முதல் கை கொடுத்துச் சமாதானமானால்தான் பூசையில் சுவாமி அப்பமாகத் தரும் நன்மையை வாங்குவார்கள்.

“நீதவான் போகக்கூடாது எண்டவரெல்லோ அம்மா,” என்று அன்ரன் பின்வாங்கினான்.

“அவர் சொன்னது சண்டைக்குப் போகாதை எண்டு. சமாதானத்துக்கு ஆரடா தடை போடுறது? நான் வாறன், நட,” என்றார் மூப்பர்.

நானும் சேர்ந்துதான் அவனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

மரியான் கையை நீட்டினான். “மெல்ல அமத்தடா, எலும்பு இப்பதான் ஒட்டினது.” எல்லோரும் சிரித்தோம். தேத்தண்ணீர் குடித்தோம்.

வீதியால் போன யாரோ கண்டு பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வழக்குத் தவணையில் நீதவான் மரியானிடம் கேட்டார். மரியானுக்குப் பொய் வராது. “ஓம் ஐயா, வந்தவன். மூப்பர்தான் சமாதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்.”

“அந்த மூப்பர் எங்கே?”

மூப்பர் வரவில்லை. முதல்நாளே போய்க் கெஞ்சியிருந்தேன். “எனக்குப் பிறசர் தங்கச்சி, கோட்டுப்படியெல்லாம் ஏறேலாது,” என்றார்.

பிணை ரத்தானது. அன்ரனை அங்கிருந்தே மறியலுக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஜெசிந்தாவும் மன்னாரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போது பார்த்தேன்... மூப்பர் ஏணியில் ஏறிநின்று கோயில் முகப்புக்குச் சோடனை கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த உத்தரவை மீளாய்வு செய்யச் சொல்லி மேல் நீதிமன்றத்தில் கேட்டு, அவன் வெளியே வர ஐந்து மாதம். அதற்குள் பேத்தி பிறந்து ஞானஸ்நானமும் முடிந்துவிட்டது. தகப்பன் இல்லாமலே.

முந்தி எங்கள் ஐயா காலத்துச் சண்டைகள் ஒரு கை கொடுப்போடு முடிந்தன. இப்போது சமாதானம் பேசப் போகிறவனும் முதலில் சட்டத்தரணிக்குத்தான் போன் எடுக்கிறான். எடு என்றுதான் நானும் சொல்கிறேன். களைத்துப்போனேன்...

நீதவான் கடதாசியில் இருந்ததைப் பார்த்தார், அவர்மேல் கோபமில்லை. பொலிசுக்குச் சொன்னது யாரென்று தேடவில்லை. வழியில் கண்டால் மரியான், “என்ன மாமி, சுகமே?” என்பான். நானும் பேசுவேன்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், ஒரே ஒருவர் கை நீட்டினால் மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்.

சூசை மூப்பர்.